தாழ்ப்பாள் வண்டி

பக்கக் கண்ணாடியில் ஒரு விளக்கு தெரிந்தது. தெரியக் கூடாது. லாம் ஓட்டுவது கடைசி வண்டி. அவனுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வண்டிக்காரனின் வேலையே.

ஹனோயிலிருந்து கிளம்பி மூன்றாம் நாள். ஏழு பைக். முன்னால் போகிறவர் குவாங், அவர்தான் தலைவர். கடைசி வண்டியைத் தாழ்ப்பாள் என்பார்கள். தாழ்ப்பாள் யாரையும் முந்தாது. எவர் நின்றாலும் பின்னால் நிற்கும். அது வந்து சேர்ந்தால் எல்லோரும் சேர்ந்தாயிற்று, அப்புறம் யாரும் தலை எண்ணுவதில்லை. இந்த வேலையை லாம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தான். தாழ்ப்பாளுக்குத் தருகிற பளபளப்புச் சட்டையோடு போகிற இடமெல்லாம் படம் வேறு எடுத்துக்கொண்டான், வெட்கம் கெட்டவன்.

பின்னால் வருவது சுயென். நாம் தின் நகரில் ஏதோ அலுவலகத்தில் கணக்கெழுதுகிற பெண். மலையில் வண்டி ஓட்டுவது இதுதான் முதல் தடவை. வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்குப் பின்னால் இவனும் நின்றான். காலையிலிருந்து வாக்கிடாக்கியில் குவாங்கின் குரல் கேலி செய்துகொண்டே இருந்தது: "என்னப்பா, எருமை மேய்ச்சல் எப்படிப் போகுது?" பின்னணியில் மற்றவர்களின் சிரிப்பு. மா பி லெங் கணவாயில் ஏறும்போது மூடுபனி இறங்கி, நாலு மணிக்கே சாலை பாலில் முக்கியதுபோல் ஆனது. அங்கே அவள் மறுபடி நின்றாள். மஞ்சள் மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. லாம் ஹாரன் அடித்துவிட்டு அவளைத் தாண்டிப் போய்விட்டான்.

இப்போது வருகிறாள், நல்லது. வேகத்தைக் குறைத்தான். ஈரமண் வாசனையும் தேய்ந்த பிரேக்கின் கருகல் வாசனையும் மூக்கில் ஏறின. கண்ணாடியில் விளக்கு ஒருமுறை பக்கவாட்டில் வழுக்கி, அணைந்தது.

நிறுத்தினான். எஞ்சினை அணைத்துக் காது கொடுத்தான். ஹெல்மெட்டிலிருந்து சொட்டும் நீர், வெகு ஆழத்தில் ஆறு, எங்கோ சரளைக்கல் சரிந்துகொண்டே போய் நிற்கும் சத்தம். அவ்வளவுதான். திரும்பிப் போக வேண்டும். போனால் வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும், 'நான் அவளை முந்திட்டேன்' என்று. தாழ்ப்பாள் முந்தியது என்று ஹனோய் முழுக்கச் சிரிப்பார்கள். முகமெல்லாம் எரிந்தது. வண்டியைக் கிளப்பி முன்னாலேயே போனான்.

மேயோ வாக் ஊருக்கு முன்னால் ஒரு வீட்டில் தங்க ஏற்பாடு. வாசலில் ஐந்து வண்டிகள் நின்றன.

"தாழ்ப்பாள் வந்தாச்சு! கதவைச் சாத்துங்கப்பா, குளிருது," என்றார் குவாங். அப்புறம் எட்டிப் பார்த்தார். "சுயென் எங்க?"

"வயித்து வலிண்ணே. டோங் வானுக்கே திரும்பிட்டா. அங்கிருந்து பஸ்ல போயிடுறாளாம்."

பொய் அவன் வாயிலிருந்து வெண்ணெய்போல் வழுக்கி வந்தது. அடுப்புப் புகையும் ஈரத் துணி வாடையும் அடைத்த அறையில், சோளச் சாராயக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் காதைத் தீட்டினான். எல்லாமே வேறு யாருடையவோ. இப்போதாவது சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கோப்பையை மறுபடி நிரப்பிக்கொண்டான்.

"பாவம் பொண்ணு, எப்படியிருக்கான்னு கேட்போம்," என்று குவாங் கைபேசியை எடுத்தார்.

லாம் கோப்பையைக் கீழே வைத்தான். எடுக்காதே. எடு. எடுக்காதே.

எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, வலி தேவலையா? பஸ் கிடைச்சுதா? சரி சரி, ஓய்வெடு." குவாங் சிரித்தார். "லாம், உன்கிட்ட பேசணுமாம்."

வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். காதில் காற்று இரைந்தது. அடியில் ஆறு.

"அண்ணே." மெல்லிய குரல். "நீங்க சொன்னதையேதான் நானும் சொன்னேன். உங்க மானம் போயிடக் கூடாதுல்ல?"

அவன் என்ன சொன்னான் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

"நீங்க மட்டும் வாங்கண்ணே. யாருக்கும் தெரிய வேணாம். என் நம்பர்ல கூப்பிடுங்க, வழி சொல்றேன்."

கையுறை வழியில் விழுந்துவிட்டது என்று உள்ளே இன்னொரு பொய் சொன்னான். "எருமையை விட்டுட்டு வந்தியா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

விளக்கு அணைந்த வளைவுக்குத் திரும்பி வந்தான். அங்கே ஓரக்கல் ஒன்று பெயர்ந்திருந்தது. புல்லில் டயர் கீறல். பகல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இடது பக்கம் ஒரு செடி இருக்கு. அதைப் பிடிச்சு இறங்குங்கண்ணே."

இருந்தது. இறங்கினான். பெட்ரோல் வாசனை. கவிழ்ந்த சக்கரம். அதற்கு அடியில் மஞ்சள் மழைக்கோட்டு. முழங்காலிட்டு அவள் கன்னத்தைத் தொட்டான். கல்லாய்ச் சில்லிட்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன, அவற்றில் பனிநீர் தேங்கியிருந்தது. பக்கத்துப் பாறையில் அவள் கைபேசி, இரண்டு துண்டாக.

அழுதான். "என்னை மன்னிச்சிடு தங்கச்சி. நான்தான் உன்னை விட்டுட்டு வந்தேன். நான்தான்." கேட்க ஆளில்லாத இடத்தில் அது எளிதாக வந்தது.

"யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

காதருகே. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"அது நான் இல்லண்ணே. இன்னும் கொஞ்சம் கீழ வாங்க."

டார்ச்சைக் கீழே திருப்பினான். பாறை அங்கேயே முடிந்தது. அதற்கப்பால் மூடுபனி. நடுவே, தரையே இல்லாத இடத்தில், மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று காதில் கைபேசியோடு நின்றிருந்தது.

"இந்தத் தடவையும் விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

அவமானம் பிடரியைப் பிடித்துத் தள்ளியது.

லாம் காலைக் கீழே இறக்கினான். அது கையை நீட்டியது.