காலையில் மட்டும் முரண்டு பிடித்த சீமாட்டி

"யாரோ என் மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமா கொல்றாங்க!"

கொட்டகை வாசலில் நின்று கோலீன் ஹார்ட்டிகன் இப்படிச் சொன்னதும், நெல் பிரஸ்காட்டின் தேநீர்க் கோப்பை உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் நெல். வாரிக் மாதிரிச் சின்ன ஊரில் கொலை என்ற சொல் காதில் விழுவதே அபூர்வம். செத்தது இரும்பாக இருந்தால் என்ன, கொலை கொலைதானே!

அவளுடைய பக்கத்து வீட்டுக்காரரும் சிநேகிதருமான ஃபெர்கஸ் லெய்ட்லா நிமிரவில்லை. ஒரு பழைய தோல் தையல் இயந்திரத்தின் வயிற்றுக்குள் டார்ச்சை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வைக்கோல் போர் தானாக எரிந்தது, எதைச் சொந்தக்காரனே கொளுத்தினான் என்று காப்பீட்டுக் கம்பெனிக்குக் கண்டுபிடித்துச் சொல்வது முன்பு அவர் வேலை. இப்போது துருப்பிடித்த கனரகத் தையல் இயந்திரங்களை வாங்கி, பழுது பார்த்து, கொட்டகை நிறைய நிறுத்தி வைத்திருக்கிறார்.

"உட்காருங்க, கோலீன். எப்படிக் கொல்றாங்க?"

கோலீன் உட்காரவில்லை. "சீமாட்டியைத்தான் சொல்றேன். போன மாசத்துலேருந்து தினம் காலையில சக்கரம் அசைய மாட்டேங்குது. முட்டித் திருப்பினா தையல் தாவுது, நூல் அறுந்து போகுது. மத்தியானம் ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. ராத்திரி யாரோ உள்ள வந்து கை வைக்கிறாங்க. ஆனா பூட்டு அப்படியே இருக்கு."

சீமாட்டி என்பது அவள் கணவன் மெர்வ் வைத்த பெயர். சேணத் தோலைக் கட்டைவிரல் கனத்துக்கு அடுக்கினாலும் துளைத்துத் தைக்கும் நூறு வயது இயந்திரம். போன செப்டம்பரில் மெர்வ் இறந்த பிறகு, அதை வைத்துத்தான் கோலீன் சேணக்கடையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பத்து மணிக்கு, பழைய மெஷின் சேர்க்கிற கிரேம் ஸ்டோக்ஸ் லாரியோட வரான். கொடுத்துடறேன்னு சொல்லிட்டேன். அது போச்சுன்னா கடையும் போச்சு. ஒத்தை ஆளா கையால தைச்சு நான் எத்தனை சேணம் கொடுக்க முடியும்?"

"கிரேம்தான்!" நெல் கோப்பையை வைத்தாள். "ஒரு வருஷமா அந்த மெஷின் மேல கண்ணு. கெடுத்து வச்சா சுலபமா கைக்கு வந்துடும்ல?"

"வண்டிச் சாவியை எடு, நெல்" என்றார் ஃபெர்கஸ். "ஆளைத் தூக்கில போடறதுக்கு முன்னாடி பிணத்தைப் பார்ப்போம்."

சாலையோரப் புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. கடைக்குள் வெளியைவிடக் குளிர். மெர்வின் தங்கை ஷோனா கையுறை போட்டுக்கொண்டு தோல் வார்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கடற்கரைப் பக்கம் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"வந்துட்டாங்கப்பா, துப்பறியும் புலிகள்! அந்த இரும்பை விட்டுத் தொலைன்னு நானும் தொண்டை கிழியச் சொல்றேன். இவ கேட்டாத்தானே?"

"அதைப் பார்த்து 'இரும்பு'ங்காத, ஷோனா" என்றது மூலை பெஞ்சிலிருந்து ஒரு குரல். குதிரை மேலிருந்து மாட்டு மந்தை ஓட்டியே காலம் கழித்த கிளாரி. மெர்வின் ஆத்மார்த்த நண்பர். தினமும் வந்து உட்கார்ந்து போவார். நெல்லைக் கண்டதும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். கையை மேலே கொண்டு போகாமல், தலையைக் கைக்குக் குனிந்து கொடுத்துக் கழற்றினார்.

"தோள் இன்னும் சரியாகலையா?" என்றாள் நெல்.

"ரெண்டையும் ரெண்டு குதிரைங்க கீழ தள்ளிப் பங்கு போட்டுக்கிச்சு, கண்ணு. இனிமே நெஞ்சுக்கு மேல ஏறாது."

ஃபெர்கஸ் சீமாட்டியிடம் போனார். வார்ப்பிரும்புக் காலின் மேல் நிற்கும் அதன் உச்சி, நெல்லின் தலைக்கும் மேலே இருந்தது. சக்கரத்தைப் பிடித்து இழுத்தார். களிமண்ணில் சிக்கிய வண்டி போல முனகி, கால் சுற்று வந்து நின்றது. உச்சியில் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம்.

நெல் பூட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தரையில் காலடித் தடம் தேடினாள். கிடைத்ததெல்லாம் பிஸ்கட் என்ற கோலீனின் நாய்தான். அது சீமாட்டியின் காலடியில் படுத்துத் தரையை ரசித்து நக்கிக்கொண்டிருந்தது.

"தள்ளுடா, தடயத்தை அழிக்காத!"

"அதை விடு, நெல். அதுதான் நம்ம முக்கிய சாட்சி" என்றார் ஃபெர்கஸ். அடிநூலைக் கொண்டு ஓடும் ஷட்டிலை மூடும் பித்தளைத் தகட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. பிறகு ஒரு ஸ்டூலில் ஏறி, உச்சியிலிருந்த எண்ணெய்த் துளைக்குள் தீக்குச்சியை விட்டு எடுத்தார். குச்சி நுனியில் காய்ந்த தூசி.

"யாரு இதுக்கு எண்ணெய் விடறது, கோலீன்?"

"மெர்வ்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"அவருக்கப்புறம்?"

"எண்ணெய் குறைஞ்ச மாதிரியே தெரியலை. துளையெல்லாம் மினுமினுன்னுதான் இருந்தது." கோலீன் சக்கரத்தின் மேல் கை வைத்தாள். "அவர்தான் நிறைய விட்டுட்டுப் போயிருக்கார்னு நினைச்சேன்."

கிளாரி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் இன்னும் ஜன்னலை எட்டாத பத்து மணிக்கு கிரேம் ஸ்டோக்ஸ் வந்தான். நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம். கையில் கயிறு.

"கயிறை வை கீழே" என்றாள் நெல். "நீ இப்போ சந்தேகப் பட்டியல்ல இருக்க."

"நானா? இவளைக் கெடுக்கறதுக்குப் பதிலா என் கையையே வெட்டிக்குவேன், நெல்!"

"உட்காருப்பா" என்றார் ஃபெர்கஸ். "ஷோனா, உங்க தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கொஞ்சம் கொடுங்க."

"உங்களுக்கு இருக்கற நாலு முடிக்கா?" என்றாள் ஷோனா.

நெல் வாய்விட்டுச் சிரித்தாள். ஃபெர்கஸ் அதை வாங்கி, ஷட்டில் பகுதியில் சூடான காற்றை அடித்தார். பிறகு ஒரே விரலால் சக்கரத்தைத் தள்ளினார். சீமாட்டி நளினமாக ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.

"பழுதும் இல்லை, ராத்திரி யாரும் வரவும் இல்லை. குளிர்தான். நல்ல மெஷின் எண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது. உள்ள இருக்கறது கொழுப்பு. வெயில் ஜன்னலுக்கு வந்தா உருகும், ராத்திரியானா இறுகும். பிஸ்கட் பெட்ரோலிய எண்ணெயை நக்குமா? ஆனா மாட்டுக் குளம்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெய்னா விடாது. அப்புறம் அந்தப் பச்சை. கோலீன், பழைய சேணத்துல பித்தளைக் கொக்கி ஓரமா இதே பச்சையை எத்தனை தடவை சுரண்டியிருக்கீங்க?"

கோலீனின் வாய் பிளந்தது. "குளம்பெண்ணெய்! தோலுக்குப் போடறது! அதை யாரு மெஷின்ல விடுவாங்க?"

"மெஷின் தெரிஞ்சவன் விடமாட்டான். அதனால கிரேம் இல்லை."

"ரொம்ப நன்றி" என்றான் கிரேம்.

"கெடுக்கணும்னு வந்தவங்களும் இப்படி விடமாட்டாங்க. கீழ்த் துளை ஒவ்வொண்ணுலயும் அளவா விட்டு, வழிஞ்சதைத் துடைச்சிருக்கு. அவ்வளவு அக்கறை! ஆனா உச்சியில இருக்கற துளையில ஒரு சொட்டு இல்லை. அங்கதான் கீச்சுங்குது."

அவர் யார் பக்கமும் திரும்பவில்லை. ஆனால் நெல்லுக்குச் சுரீரென்றது. குனிந்து கொடுத்த தலையும் மேலே ஏறாத கையும் கண்முன் வந்தன. வாயைத் திறக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

பெஞ்ச் கிரீச்சிட்டது. கிளாரி எழுந்தார்.

"நான்தான், கோலீன். ஆஸ்பத்திரியில மெர்வ் சொன்னான், 'வெள்ளிக்கிழமை சீமாட்டியை மறந்துடாதடா'ன்னு. நீ தபால் ஆபீஸ் போற நேரமாப் பார்த்து விட்டுட்டு இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச எண்ணெய் அது ஒண்ணுதான். ஆயுசு பூரா சேணத்துக்கு அதைத்தானே போட்டேன்? சீமாட்டி முரண்டு பண்றாள்னு நீ சொன்னதும் இன்னும் கொஞ்சம் அதிகமா விட்டேன். கெட்டது செய்யும்னு தெரியலை, பொண்ணே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன, கிளாரி?"

கிழவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணெய் விடும்போது... அவன்கிட்ட ஊர் விஷயம் பேசுவேன். ஆள் இருந்தா பேச்சு வராது."

ஷோனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வார்களைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுக்க ஆரம்பித்தாள்.

"இன்னொரு கணக்கு பாக்கி" என்றார் ஃபெர்கஸ். "செப்டம்பர்லேருந்து நீங்க எண்ணெய் விடலை, கோலீன். டிசம்பர், ஜனவரின்னு நம்ம ஊர்க் கோடை முழுக்க சேணம் தைச்சிருக்கீங்க. இவரும் விடாம இருந்திருந்தா கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கீழ இருக்கற உருளையெல்லாம் உரசிக் கடிச்சு, சீமாட்டி நிஜமாவே செத்திருப்பா. தப்பான எண்ணெய்தான். ஆனா உயிரோட வச்சிருந்தது அதுதான். கொலைகாரனைத் தேடி வந்தோம். வைத்தியர்தான் கிடைச்சிருக்கார்."

கிரேம் வெளியே போனான். திரும்பி வரும்போது கயிறு இல்லை. ஒரு கேன் மண்ணெண்ணெயும், நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியும் இருந்தன. "கழுவணும்னா ஆள் வேணும்ல?" என்று சட்டைக் கையை மடித்தான். "கிளாரி, இந்த மூக்கு நெஞ்சு உயரத்துல பிடிச்சாலே உச்சிக்கு எட்டும். இந்த எண்ணெயைத் தவிர வேற எதையாவது விட்டீங்க, நானே லாரியில ஏத்திட்டுப் போயிடுவேன். சீமாட்டியை இல்லை, உங்களை."

சாயங்காலம் லாரி காலியாகப் போனது.

வெள்ளிக்கிழமை காலை, சீமாட்டியின் சத்தத்தைக் கேட்கவென்றே நெல் கடைக்குப் போனாள். கடும் குளிரிலும் சக்கரம் தடங்கலின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் கிளாரியின் நிழல் தெரிந்ததும், கோலீன் தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு மேல்கோட்டை எடுத்தாள்.

"தபால் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன், கிளாரி. கடையைப் பார்த்துக்கோங்க."

நெல் அவள் பின்னால் ஓடினாள். "ஏம்மா, இன்னைக்கு அரசு விடுமுறை. தபால் ஆபீஸ் பூட்டியிருக்குமே!"

"தெரியும்" என்றாள் கோலீன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். "வா, மெதுவா நடப்போம்."