வஜ்ஜிர வாடை

எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட அருவருப்பு, கல்லூரியில் சரித்திரம் நடத்த வந்த பிறகும் போகவில்லை. அதனால் பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோது என்னைப் போலச் சந்தோஷப்பட்டவர்கள் இருக்க மாட்டார்கள். தூசி இல்லை, பூச்சி இல்லை, கண்டவன் எச்சிலும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அந்தச் சொல் வந்த பக்கமெல்லாம் எழுந்து வந்து நிற்கும்.

அப்படிப்பட்ட நான்தான் ஒரு மழை மதியத்தில் பழைய அச்சகக் கட்டடத்தின் நிலவறைப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். சுவரெல்லாம் வேர்த்திருந்தது. கீழே போகப் போக ஒரு வாடை வந்தது. ஈரக் காகிதமும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை என்று முதலில் நினைத்தேன். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது, தோலை வேகவைத்து மூடி வைத்தது போல. கொஞ்சம் இனிப்பு வேறு. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஸ்கேன் வேலை பார்ப்பவர் சிரித்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், தொந்தியும் தமாஷுமான மனிதர். "பழகிடும் மேடம். இப்பல்லாம் இந்த வாடை இல்லன்னா எனக்குச் சாப்பாடே இறங்கறதில்ல" என்றார். சொல்லிக்கொண்டே கட்டை விரலை நாக்கில் தொட்டு, மேசையில் கிடந்த தடித்த நாளிதழ்த் தொகுதியைப் புரட்டினார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். காரியம் ஆக வேண்டும், அவரிடம் சண்டை போட முடியாது.

நான் வந்தது என் மாமியாருக்காக. அத்தை படுத்த படுக்கையாகிவிட்டார். இனி நம் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் கைகழுவிவிட்டார். அத்தைக்கு ஓர் அக்கா இருந்தாள். ஊருக்கு வெளியே இருந்த வஜ்ஜிரத் தொழிற்சாலையில் வேலை. வஜ்ஜிரம் என்றால் மாடு, குதிரைகளின் தோலையும் எலும்பையும் பெரிய கொப்பரைகளில் காய்ச்சி எடுக்கும் பசை, தச்சர்கள் மரத்தை ஒட்டுவது. ஒரு நாள் காலையில், சாயங்காலம் வந்து தலை பின்னிவிடுகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. யாரோ வாலிபனோடு ஓடிப்போய்விட்டாள் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள், நாளிதழும் அதையே போட்டது. அன்றிலிருந்து அவள் பேச்சை வீட்டில் எடுத்தால் அப்பாவிடம் அடிதான்.

அத்தை அடி வாங்கியும் நம்பவில்லை. கிழவியாகியும் நம்பவில்லை. "எனக்குப் பின்னி விடாம எப்படிடி போவா? உனக்குத்தான் கம்ப்யூட்டர்ல எல்லாம் வருதே. அவ ஓடினாளா இல்லையா, அது மட்டும் பார்த்துச் சொல்லு" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடப் பயந்தார்.

வீட்டில் தேடியபோது ஓடிப்போன செய்தி கிடைத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தேடி வரவில்லை என்றால், அப்படி ஒரு செய்தியே இல்லை என்று எழுதிவிடுவோம். நானும் எழுதியிருப்பேன். ஆனால் அடுத்த சில வாரங்களின் பக்கங்களைக் கண்ணால் பார்த்தபோது, எல்லாவற்றிலும் தொகுதியின் முதுகுத் தையலை ஒட்டிய பத்தி மறைந்திருந்தது. பைண்டிங் பசை உள்ளே கசிந்து காகிதங்களைக் கவ்விப் பிடித்திருந்தது. கணினியால் படிக்க முடியாதது தேடலில் எப்படி வரும்? அதனால் ஸ்கேன்காரரைக் கெஞ்சி, முதுகை இளக்கி மறுபடி எடுக்கச் சம்மதிக்க வைத்தேன்.

அவர் முதலில் பழைய ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் நாளிதழின் படம், மறுபக்கம் கணினி படித்துக் கொடுத்த எழுத்து. அரிசி விலை, சினிமா விளம்பரம், மாநகராட்சிக் கூட்டம். பசைக் கறை இருந்த இடத்துக்கு நேராக மட்டும், சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி.

சுடுது சுடுது சுடுது

கறையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தே இல்லை. வெறும் பழுப்பு.

"அது பசைக் குப்பை மேடம். கறையை எழுத்துன்னு நெனச்சு மெஷின் எதையாவது கக்கும். நாங்க அழிச்சிடுவோம். இந்தத் தொகுதியில மட்டும் திரும்பத் திரும்ப வருது, சனியன்" என்றார்.

அடுத்த பக்கத்திலும் அதேதான் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும். அந்தக் காலத்து நாளிதழ் எந்த மூலையிலும் சுடுது என்று அச்சடித்திருக்காது. அது வீட்டில் பேசுகிற பேச்சு. படித்தவள் என்ற வீம்பில் அதை மெஷின் கோளாறு என்றே வைத்துக்கொண்டேன்.

அவர் கெட்டிலில் வெந்நீர் வைத்துத் துணியை நனைத்துப் பிழிந்து, தொகுதியின் முதுகில் போட்டார். கொஞ்ச நேரத்தில் பசை இளகியது. மஞ்சளும் பழுப்புமாய், மூக்குச் சளி போல நூலிழுத்துக்கொண்டு மேசையில் வழிந்தது. அந்த வாடை எழும்பி என் தொண்டைக்குள் இறங்கியது. உமிழ்நீரை விழுங்கவே கூசியது.

பக்கங்கள் ஈரச் சத்தத்தோடு பிரிந்தன. காகிதத்தை நான் பிடித்துக்கொள்ள, அவர் கத்தியால் மெல்ல விலக்கினார். என் விரல்களில் பசை ஒட்டியது. உடம்புச் சூட்டோடு இருந்தது.

மறைந்திருந்த பத்தி கண்ணுக்குத் தெரிந்தது. சின்னச் செய்திதான். இந்த மாதம் வாங்கிய வஜ்ஜிரக் கட்டிகளில் நீளமான தலைமுடி கிடப்பதாகத் தச்சர்கள் புகார். ஒரு கட்டியில் சிவப்பு ரிப்பன் துண்டும் இருந்ததாம். அது தோலோடு வந்த குதிரை வால் முடி என்று கம்பெனி விளக்கம் கொடுத்திருந்தது. தச்சர்கள் திருப்பிக் கொடுத்த சரக்கை மலிவு விலையில் அச்சகங்களின் பைண்டிங் பிரிவுகள் வாங்கிக்கொண்டன என்று செய்தி முடிந்திருந்தது.

குதிரை ரிப்பன் கட்டுமா?

அத்தையின் அக்கா வேலைக்குப் போனபோது தலையில் சிவப்பு ரிப்பன். அதை அத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் எங்கும் ஓடவில்லை. கொப்பரைக்குள் விழுந்தாள். விழுந்ததைத் தெரிந்துகொண்டே காய்ச்சி, வார்த்து, கட்டி கட்டியாக விற்றிருக்கிறார்கள். அவள் ஓடிப்போனாள் என்று போட்ட நாளிதழை, அவளைக் கொண்டே ஒட்டித் தைத்திருக்கிறார்கள்.

என் விரல்களைப் பார்த்தேன்.

நான் சொல்லச் சொல்ல ஸ்கேன்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கை அதன் போக்கில் பழகிய வேலையைச் செய்தது. கட்டை விரல் நாக்குக்குப் போனது. நாக்கு அதை நக்கியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மாதக்கணக்காக அந்தத் தொகுதியைப் புரட்டியவர் அவர்.

மூலையிலிருந்த குப்பைக் கூடையைத் தேடி ஓடினார். எனக்குக் கூடை கிடைக்கவில்லை, தரையிலேயே வாந்தி எடுத்தேன். வெறும் தண்ணீர் வரும்வரை எடுத்தும் நாக்கில் அந்த இனிப்பு இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு, எனக்காக அவர் அந்தப் பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்தார். திரையில் எழுத்து ஒவ்வொரு வரியாக ஏறியது. தச்சர்கள், முடி, ரிப்பன் எல்லாம் சரியாக வந்தன. சுடுது என்ற வரி மட்டும் இல்லை.

அந்த இடத்தில் வேறு வரி இருந்தது.

சாயங்காலம் ஆச்சு பின்னி விடணும்

தலை பின்னும் கதையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"அழிச்சிடவா மேடம்?" என்று கிசுகிசுத்தார்.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், தோல் எரியும்வரை பாத்திரம் தேய்க்கும் நாரால் உரசினேன். என்ன செய்தும் விரல்களில் பிசுபிசுப்பு போகவில்லை. அப்படியே போய் அத்தையின் கட்டிலில் உட்கார்ந்தேன். கொப்பரைக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்யும் இடத்தில் விபத்து, கம்பெனி மறைத்துவிட்டது, அவள் ஓடவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். அவர் என் கையை இழுத்து முகத்தோடு வைத்து ஆழமாக மூச்சு இழுத்தார்.

"அக்கா வாடை" என்றார். "வேலை விட்டு வந்தா அவ கையில இப்படித்தான் அடிக்கும். எல்லாரும் மூக்கைப் பொத்துவாங்க. எனக்குப் பிடிக்கும்."

கையை உருவிக்கொள்ள எனக்கு மனம் இல்லை. அன்று இரவு வழக்கம்போல அவருடைய வெள்ளை முடியை அள்ளிச் சின்னதாக முடிந்துவிட்டு விளக்கை அணைத்தேன். படுக்கையிலேயே கிடந்து சிக்கு விழுந்த முடி அது. சீப்பு வைத்தால் வலிக்கிறது என்று பல மாதங்களாக யாரையும் வார விட்டதில்லை.

காலையில் அறைக்கதவைத் திறந்ததும் வாடை அடித்தது.

நிலவறையின் வாடை.

அத்தை விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எழுப்பி உட்கார வைக்கலாம் என்று தலைக்கடியில் கை கொடுத்தேன். தலை தனியாக வரவில்லை. தலையணையும் சேர்ந்து வந்தது.

என் கணவரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, இரவு எழுந்திருக்கவே இல்லை என்றார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. தலையணையை முடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன், அதே ஈரச் சத்தத்தோடு.

முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஒரு சிக்கு இல்லாமல் வாரி, நெற்றியோடு இழுத்து, பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெண்ணுக்குப் பின்னுவது போல ரெட்டைப் பின்னல். வெள்ளை முடியோடு சேர்த்துப் பின்னியிருந்த நீளமான முடிகள் கறுப்பாக இருந்தன. அத்தைக்கு ஒரு கறுப்பு முடிகூடக் கிடையாது.

ஈரத் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்.

"தொடாதே. இப்பத்தான் பின்னி முடிச்சா."

அப்போதுதான் என் விரல் பின்னலில் பட்டது. பசை இன்னும் சூடாக இருந்தது.