பறவை வராத நாள்

வாயாடிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா. தூக்கத்தில்கூடப் பேசுகிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் அப்பா காய்ச்சலில் இறந்துபோன பிறகு அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தாமல் போய்விட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பல நாள் அதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனை எல்லோரும் பொடியன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள்தான் பொடியன். கேள்வி கேட்க ஆரம்பித்தால் பெரியவர்களே ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

"அக்கா, அப்பா எப்படிப் பேசுவார்?"

"எப்படின்னா? எல்லாரையும் மாதிரிதான்."

"பேசிக் காட்டு."

அப்பா அடிக்கடி சொல்வது "உஷ்" என்பதுதான். அதைச் சொல்லிப் பார்த்தாள். அது அவளுடைய குரலாகவே இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தடித்த குரலில் மறுபடி சொன்னாள்.

"இது கடைக்காரர் மாதிரி இருக்கு" என்று பொடியன் சிரித்தான்.

வாயாடிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் முகம் அவளுக்கு நினைவிருந்தது. அவர் சட்டையின் வாசனைகூட நினைவிருந்தது. குரல் மட்டும் எங்கோ நழுவிப் போயிருந்தது. அது எப்போது போனது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவின் போனில் அப்பா இருக்கிற வீடியோ ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதிலும் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். ஊரிலுள்ள பறவைகளின் குரலையெல்லாம் பதிவு செய்வதுதான் அவருக்கு வேலை. அவர் குரலைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று அப்பா வேலை செய்த இடத்துக்கு மூன்று பேரும் போனார்கள். அவருடைய மேசையில் இருந்த பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழைத்திருந்தார்கள்.

அது ஓர் ஆவணக் காப்பகம். பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றிப் பத்திரமாக வைக்கிற இடம். வாசலிலேயே காத்திருந்த காப்பாளர் அவர்களை ஒவ்வோர் அறையாக அழைத்துக்கொண்டு போனார். கண்ணாடி அணிந்த, நிதானமாக நடக்கிற பெண்மணி.

முதல் அறையில் ஒருவர் மெல்லிய தூரிகையால் கண்ணாடித் தகடுகளில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அவை எப்போதோ எடுத்த வானத்தின் நெகட்டிவ் படங்கள். நட்சத்திரங்கள் மிளகைக் கொட்டியதுபோல் கறுப்பாகத் தெரிந்தன. அடுத்த அறையில், மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன வரைபடங்களை விரித்துப் படம் எடுத்தார்கள். அதற்கடுத்த அறையில் நிலநடுக்கம் வந்தபோது கருவி கிறுக்கிய கோடுகள்.

"நான்கூட இப்படி நல்லாக் கிறுக்குவேன்" என்றான் பொடியன்.

மழைப் பிரிவில் ஒரு திரை முழுக்கப் பூஜ்யமாக இருந்தது. அவன் விடவில்லை.

"ஏன் எல்லாம் முட்டையா இருக்கு?"

"அதெல்லாம் மழை பெய்யாத நாள்" என்றார் காப்பாளர். "பெய்யாத நாளையும் குறிச்சு வச்சாத்தான் பெஞ்ச நாளோட அருமை தெரியும்."

கடைசி அறை ஒலிப் பிரிவு. அங்கே காது மாமா இருந்தார். எப்போது பார்த்தாலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருப்பதால் வாயாடி வைத்த பெயர் அது. அப்பாவிடம் வேலை கற்றவர். பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அப்பாவின் மேசையில் ஒரு தொப்பியும் மழைச்சட்டையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அவ்வளவுதான். அம்மா மழைச்சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

வாயாடி மெல்லக் கேட்டாள். "மாமா, அப்பா பேசினது எதுலயாவது இருக்கா?"

காது மாமா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "ஒவ்வொரு பதிவுலயும் முதல்ல பேசுவார் பாப்பா. என்ன நாள், எந்த இடம், எந்தப் பறவைன்னு சொல்லுவார். நான் அதை எழுதிக்கிட்டு வெட்டிடுவேன். கேட்கிறவங்களுக்குப் பறவை மட்டும்தானே வேணும்."

"வெட்டினது எங்க?"

"அழிச்சாச்சு." அவர் அம்மாவின் பக்கம் பார்க்கவில்லை. "அண்ணன் போட்ட சட்டம்தான் அது. 'என் தொணதொணப்பை யாருப்பா கேட்கப் போறா, வெட்டிடு'ன்னு சொல்லுவார். நானும் வெட்டினேன். எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

அம்மா மடித்து முடித்த மழைச்சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். வாயாடி அப்பாவின் நாற்காலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இறந்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதாள். அன்று அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது.

அழுது ஓய்ந்தபோது ஏரிக்கரை நினைவுக்கு வந்தது. அப்பா அவளை ஒரே ஒரு முறை பதிவுக்கு அழைத்துப் போயிருந்தார். புதருக்குள் இரண்டு பேரும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கால் மரத்துப் போனதுதான் மிச்சம். பறவை வரவே இல்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மாமா, பறவை வரலைன்னா அந்தப் பதிவை என்ன பண்ணுவீங்க?"

"அது காலிப் பதிவு. பறவைச் சத்தம் இல்லைன்னா கணினியே ஒதுக்கித் தள்ளிடும். அதை யாரும் திறக்கிறதில்ல, வெட்டுறதும்..."

காது மாமா பாதியில் நிறுத்தினார். சட்டென்று கணினியின் பக்கம் திரும்பினார்.

திரையில் 'கழிவு' என்றொரு பெட்டி இருந்தது. திறந்தால் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இதைத் திங்கட்கிழமை அழிக்கச் சொல்லியிருந்தேன்" என்றார் காப்பாளர் தாழ்ந்த குரலில். "இடம் போதலைன்னு."

"என் பிறந்தநாளுக்கு மறுநாள்தான் போனோம்" என்றாள் வாயாடி. அம்மா தேதியைச் சொன்னார். காது மாமா தேடி எடுத்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

முதலில் தண்ணீர் கரையில் மோதும் சத்தம். பிறகு கொஞ்சம் கரகரப்பாக, ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் லேசாக இழுத்துப் பேசும் ஒரு குரல்.

"காலை நேரம். ஏரிக்கரை. மேகமா இருக்கு. மீன்கொத்திக்காகக் காத்திருக்கோம். கூட என் உதவியாளர் வந்திருக்காங்க. பேசவே மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க."

இந்தக் குரல்தான். இதை எப்படி மறந்தோம் என்று வாயாடிக்குத் தாங்கவில்லை.

உடனே ஒரு கீச்சுக்குரல். "அப்பா, வந்துடுச்சா?"

"உஷ். வரும்."

கொஞ்ச நேரம் காற்று. "அப்பா, இப்போ?"

"வரும்டா. உஷ்."

சத்தியம் பண்ணிய உதவியாளர் அதற்குப் பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். காது மாமா அழுதுகொண்டே சிரித்தார். அம்மா மழைச்சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

கடைசியில் அப்பாவின் பெருமூச்சு கேட்டது. "இன்னைக்கு வரலை. பரவாயில்ல, வா, வீட்டுக்குப் போகலாம்."

அதோடு பதிவு முடிந்தது.

"இதை உங்களுக்குப் பிரதி எடுத்துத் தரச் சொல்றேன்" என்றார் காப்பாளர்.

வாயாடி தலையாட்டினாள். பிறகு, "மத்ததையும் அழிக்காதீங்க" என்றாள். "மழை பெய்யாத நாளைக் குறிச்சு வைக்கிறீங்களே. பறவை வராத நாளையும் வைக்கலாம்ல? அதுக்குள்ள வேற யாரோட அப்பா அம்மாவாவது பேசிக்கிட்டு இருப்பாங்க."

காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. "சரி, அழிக்க வேணாம். இடத்துக்கு நான் வழி பார்க்கிறேன். முதல்ல அந்தக் கழிவுங்கிற பேரை மாத்துங்க தம்பி."

"என்ன பேர் வைக்கட்டும் பாப்பா?" என்று காது மாமா கேட்டார்.

வாயாடி யோசித்துச் சொன்னாள். காது மாமா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'பறவை வராத நாள்.'

மாலையில் வீட்டில் பாயை விரித்துப் போனை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பொடியன் போனில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் கேட்டான்.

"இதுதான் அப்பாவா?"

"ஆமா" என்றாள் வாயாடி.

அப்பா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி முடித்தார். பொடியன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

"பறவை வந்துடுச்சா?"

"இல்லடா. வரலை."

"பரவாயில்ல" என்று அவன் மறுபடி போனின் மேல் காதை வைத்தான். "முதல்லேருந்து போடு."