அப்பாவின் சட்டையைத் தேடிப் போன மழை

இந்தக் கதையில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. தண்ணீர் வராத தெருக்குழாயின் தலையில் அடித்துச் சத்தியம்.

அந்த ஆண்டு கீரமங்கலத்தில் வெயில் அப்படிக் காய்ந்தது. கண்மாயில் இருந்த தவளைகளெல்லாம் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய்விட்டன. கண்டக்டர் இரக்கப்பட்டு அரை டிக்கெட் போட்டார்.

மழை வராவிட்டால் கொடும்பாவி இழுப்பது ஊர் வழக்கம். வைக்கோலில் பொம்மை செய்து, பாவி செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தபடி தெருத்தெருவாக இழுப்பார்கள். பெரியவர்களுக்கு நேரமில்லை. அதனால் சத்யபிரியாவின் தம்பி வசந்த் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இழுத்தான். அவன் அழுத அழுகையில் வைக்கோலே நனைந்துவிட்டது. கடைசியில் பொம்மையைக் கண்மாயில் போட்டுவிட்டு வந்தான்.

மழையும் பெய்தது. ஆனால் ஊரில் இல்லை. சத்யபிரியா, வசந்த் இருவரின் அப்பா ஐயனார் தேயிலை லாரி ஓட்டுகிற மலையில். ஒரு மாதத்து மழை ஒரே சாயங்காலத்தில் கொட்டியது. யானைகள் வாழை இலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றன. மண் சரிந்து மலைப்பாதையை அடைத்துவிட்டது. அப்பா போனை எடுக்கவேயில்லை.

எதிர்வீட்டு உமைர் வந்து கேட்டான்: "பொம்மைக்கு யாரு சட்டைடா போட்டே?"

"அப்பாவோட பழைய சட்டை" என்றான் வசந்த்.

"அதான்! மழை சட்டையை மோந்து பாத்துட்டு, ஒங்கப்பாவைத் தேடிப் போயிருச்சு!"

உமைர் சிரித்தான். வசந்த் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் அவன் சோற்றைத் தொடவில்லை. அம்மா ஊட்டியும் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் அக்கா அப்பாவைக் காட்டிக் குடுத்துட்டேன்" என்றான்.

"லூசு!" என்றாள் சத்யபிரியா. "போன வருசமே அப்பா போன்ல சொன்னாருல்ல? முன்னெல்லாம் மாசம் பூரா தூறுமாம். இப்ப ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிருதாம். மேகம் மலையில முட்டி இந்தப் பக்கம் கொட்டுமாம், அந்தப் பக்கம் துணி காயுமாம். அப்ப நீ எந்தப் பொம்மைக்குச் சட்டை போட்டே?"

வசந்த் யோசித்தான். "அப்ப என் டவுசரைக் கொடியில காயப் போட்டிருந்தேன்" என்று மறுபடி அழுதான்.

சத்யபிரியா எழுந்தாள். "சரி, வா. போன மழையைத் திரும்பக் கூட்டியாருவோம்."

கண்மாயில் கிடந்த பொம்மையை எடுத்து, போன வழியிலேயே இழுத்து வந்தார்கள், பின்னோக்கி நடந்தபடி. போகும்போது அழுததால் வரும்போது சிரிக்க வேண்டும் என்பது சத்யபிரியாவின் சட்டம். வசந்துக்குச் சிரிப்பு வரவில்லை.

உமைர் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தான். "நானும் வாரேன்டா."

அவனும் பின்னோக்கி நடந்தான். நடந்து, சாணத்தில் வழுக்கி, அதிலேயே உட்கார்ந்தான்.

வசந்த் சிரித்துவிட்டான்.

வாசலுக்கு வந்ததும் சத்யபிரியா பொம்மையின் சட்டையைக் கழற்றி, வீட்டில் மிச்சமிருந்த ஒரு குடம் தண்ணீரில் துவைத்துக் கொடியில் போட்டாள். "இனிமே மழை இங்கிட்டுத்தான் வரும்."

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். குடிக்கிற தண்ணீர் போச்சே என்று திட்டவில்லை. சட்டைக் காலரை மட்டும் இழுத்து நேராக்கிவிட்டு உள்ளே போனாள்.

வசந்த் தட்டின்முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். "அப்பாவுக்கும் எடுத்து வைங்க."

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். மறுநாள் மழை மலையை விட்டு இறங்கியது. திருவரங்குளத்தில் நின்று வழி கேட்டது. சட்டை காய்கிற வீட்டைக் கண்டுபிடித்து, அந்த மகிழ்ச்சியில் கண்மாயையும் நிரப்பியது. தவளைகள் தஞ்சாவூரிலிருந்து திரும்பின. இந்த முறை முழு டிக்கெட். அதே பஸ்ஸிலிருந்து அப்பாவும் இறங்கினார். ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, எடுத்து வைத்திருந்த சோற்றின்முன் உட்கார்ந்தார்.

மலைப்பாதையை இன்னும் திறக்கவில்லை. சட்டை கொடியில்தான் காய்கிறது.