பத்தாவது இருக்கை

“ஒன்பது பேர் உட்கார்ந்தா கார், பத்தாவது ஆள் ஏறினா வேன் ஆயிடுமாம்மா?” என்று மகள் ஒருநாள் கேட்டபோது, “ஆயிடும்டி, சட்டம் அப்படித்தான்” என்று சொல்லிச் சிரித்தாள் அவசரம். கலால் அலுவலகத்தில் அவளுக்கு வேலையே அதுதான். ஓட்டுநரோடு சேர்த்துப் பத்து இருக்கை இருந்தால் பலருக்கும் பயன்படும் வண்டி, வரி குறைவு. ஒன்று குறைந்தாலும் சொந்தச் சொகுசு வண்டி, வரி பல மடங்கு. எதையும் ஓடிப்போய்ச் செய்வதால் அவளுக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். அவளுடைய மேலதிகாரிக்கு நிதானம் என்று பெயர் வைத்தவர்களும் அதே சகாக்கள்தான்.

வேன்களுக்கு பாடி கட்டும் பட்டறையை நடத்தும் அம்மாள் ஒரு நாள் காலை நிதானத்தின் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“பத்து சீட் போட்டுத்தான் சார் வச்சிருந்தேன். காலையில உங்க ஆளு வந்து எண்ணினா ஒன்பதுதான் இருக்கு. வரி ஏய்ப்புன்னு சாயங்காலம் பட்டறைக்கு சீல் வைக்கப் போறாராம். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நாலு குடும்பம் அதை நம்பித்தான் இருக்கு.”

“அந்தம்மா முழியே சரியில்ல சார்,” என்று பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்தாள் அவசரம். “யாரோ பணக்காரனுக்கு வசதி பண்ணிக் கொடுத்திருக்காங்க.”

“முழிய வச்சு சீல் வைக்க முடியாதும்மா. வண்டியப் பார்ப்போம்.”

வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மூன்று வரிசைகள், வரிசைக்கு மூன்று இருக்கைகள். கடைசி வரிசையில், பின்கதவை ஒட்டிய இருக்கையை மட்டும் காணோம். அது இருந்த இடத்தில் போல்ட்டுகள் துணி சுற்றி மறுபடியும் துளைகளில் மாட்டப்பட்டிருந்தன. நிதானம் மற்ற இருக்கைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். கடைசி வரிசை மட்டும் சாய்ந்தது.

“இந்த மாசத்துக்கு இதுதான் கடைசி வண்டி சார்,” என்றார் பட்டறைக்கார அம்மாள். “தையல் வேலைகூட போன வாரமே முடிஞ்சாச்சு.”

மூலையில் மெத்தைக்காரர் தலை நிமிராமல் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். காணாமல் போன இருக்கையைத் தேடிப் பெயிண்ட் அறைக்குள் புகுந்த அவசரம், தலையில் சிவப்புப் பெயிண்டோடு வெறுங்கையாகத் திரும்பினாள்.

“கிடைச்சுதா?”

“கிண்டல் பண்ணாதீங்க சார்.”

நிதானம் வெல்டர், பெயிண்டர், மெத்தைக்காரர் எல்லோரையும் வண்டியருகே கூப்பிட்டார்.

“சொகுசுக்காக எடுக்கிறவன் ஒரு சீட்டை எடுக்க மாட்டான். வரிசையையே கழட்டிட்டுக் கால் நீட்டுவான். திருட வந்தவன் போல்ட்டுக்குத் துணி சுத்தி, தண்ணி இறங்காம பாத்துக்க மாட்டான். இந்த வண்டி மேல பாசம் உள்ள ஆளுதான், திரும்ப வைக்கணும்னே எடுத்திருக்காரு.”

“எதுக்கு சார்?” என்றாள் அவசரம்.

“சாயுற சீட்டுல, வெளியே தூக்க லேசானது இது ஒண்ணுதான். மல்லாந்து படுக்க முடியாத யாருக்கோ வேண்டியிருந்திருக்கு.” அவர் மெல்லத் திரும்பினார். “தையல் வேலை போன வாரமே முடிஞ்சுதாம். அப்ப நீங்க தச்சுக்கிட்டு இருந்த உறை யாருக்குண்ணே?”

மெத்தைக்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நல்லது செய்யப் போனவனைத்தான் கடவுள் சில நேரம் சங்கடத்தில் நிறுத்திப் பார்க்கிறார்.

“வீட்டுக்காரிக்கு சார். படுத்தா மூச்சு முட்டுது. சாஞ்சு உட்கார்ந்தாதான் கண் அசருறா. திங்கக்கிழமைதான் எண்ண வருவாங்கன்னு நெனச்சு எடுத்துட்டுப் போனேன். காலையில சொல்லியிருக்கணும், வாய் வரல. சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு தச்சு அவளுக்குக் கொடுத்துட்டு, வண்டி சீட்டைக் கொண்டாந்து மாட்டிடலாம்னு பாத்தேன்.”

“ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார் பட்டறைக்கார அம்மாள்.

“நீயே திண்டாடிட்டு இருக்கே தங்கச்சி. எந்த வாயால கேப்பேன்?”

“அப்ப வரி ஏய்ப்பு?” என்று இழுத்தாள் அவசரம்.

“வண்டி பட்டறை வாசல் தாண்டும்போதுதானேம்மா வரி. இன்னும் தாண்டலையே,” என்றார் நிதானம்.

அதற்குமேல் யாரும் யாரையும் ஏவவில்லை. வெல்டர் பழைய இரும்புக் குவியலிலிருந்து சாயும் சட்டம் ஒன்றை இழுத்து வந்தார். பெயிண்டர் துருவைத் தேய்த்தார். அவசரம் முழங்காலிட்டு மெத்தையை அமுக்கிப் பிடிக்க, மெத்தைக்காரர் உறையை மாட்டினார். “உங்களத் தப்பா நெனச்சுட்டேங்க்கா,” என்று அவள் குனிந்தபடியே சொன்னாள். “நெனச்சா என்ன, இப்ப பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கே,” என்று அந்த அம்மாள் அவள் தலையிலிருந்த பெயிண்ட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்.

புது இருக்கை வீட்டுக்குப் போயிற்று. பழையது வண்டிக்கு வந்தது. சாயங்காலம் சீல் வைக்க வந்தவர் இரண்டு முறை எண்ணினார். பத்து.

கிளம்பும்போது மெத்தைக்காரர் பின்னாலேயே வந்தார். “உங்களுக்கு ஏதாச்சும் செய்யணும் சார்.”

“எங்களுக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுண்ணே. அதுக்கும் ஒரு சட்டம் இருக்கு.”

அடுத்த வாரம் ஒரு காலையில் அவசரம் அலுவலகத்துக்கு வந்தபோது, தாழ்வாரத்தில் நின்றுவிட்டாள். வரி கட்ட வருகிறவர்கள் காத்திருக்கும் நீளப் பெஞ்சு அங்கே கிடந்தது. நார் பிதுங்கி, ஆணி துருத்தி, எத்தனையோ பேருடைய உடுப்பைக் கிழித்த பெஞ்சு. இப்போது அதற்குப் புது உறை. ஆணி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

“யாரும் வரலையேம்மா,” என்றார் காவலாளி. “நான் டீ குடிக்கப் போனதுதான்.”

நிதானம் வந்தார், பார்த்தார், தம் அறைக்குள் போனார். அவசரம் குனிந்து உறையின் தையலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அப்போது கைத்தடியோடு ஒரு பெரியவர் படியேறி வந்தார். வழக்கம்போல நுனியில் ஒட்டி உட்காரப் போனவர், பெஞ்சைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.