ஊர் பேர் மறந்த சதை

"உமக்கெண்டு ஆரும் இருக்கினமோ?"

கண்டி நகரில் டிஸ்பென்சரி நடத்திய டொக்டர் விமலநாதன், ஹிதாயாவை வேலைக்கு எடுத்த அன்று கேட்ட கேள்வி அது.

"ஒரு தங்கச்சி இருந்தா, டொக்டர்."

எப்படிச் செத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்!

ஒரு வருடம் கழித்து, 1934இல், ஒரு மழைக் காலை...

"ஐயோ! ஹிதாயா!"

அந்த அலறலுக்காகவே கதவருகே நின்றவள், அவசரப்படாமல் உள்ளே போனாள்.

மைக்ரஸ்கோப்பின் முன்னால் டொக்டர் வியர்த்துக் கிடந்தார். அவர் கழுத்துக் கட்டியை வேரோடு வெட்டி, ஹிதாயா கையால் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று அது சாயமேற்றிய சீவலாய், கண்ணாடித் தட்டில் திரும்பி வந்திருந்தது.

"என்ன தெரியுது டொக்டர்?"

"ஒண்டும் தெரியேல்லை! அதுதான் பயம்! தோல் செல் தோல் மாதிரி இருக்கவேணும், ஈரல் செல் ஈரல் மாதிரி. இதுகள் எங்கை பிறந்ததெண்டே மறந்திட்டுதுகள். பெருகிறதை மட்டும் மறக்கேல்லை... புற்று! பொல்லாத புற்று!"

"சும்மா கொழுப்புக் கட்டியா இரிக்காதா?"

"உமக்கென்ன விசரே? இதைப் பாத்தவன் ஆராவது கொழுப்பெண்டு சொல்லுவானோ?"

"நீங்க சொன்னீங்க."

டொக்டர் மைக்ரஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மடவளை ஸக்கியா... என்ட தங்கச்சி. நெஞ்சுக் கட்டிய நீங்கதான் வெட்டினீங்க. வெட்டின சதையையும் கபுறுக் குழியில அடக்கோணும், அது எங்கட முறைன்னு மச்சான் கேட்டார். 'கொழுப்புக்கும் கபுறோ?'ன்னு சிரிச்சுக்கொண்டு போத்தல்ல போட்டுத் தந்தீங்க. மைக்ரஸ்கோப்புல வெச்சுப் பாக்கவே இல்ல! மத்ததெல்லாம் அடக்கினம். ஒரு துண்ட மட்டும் நான் ஸ்பிரிட்டுல வெச்சிருந்து, உங்கட கட்டியோட சேத்துக் கொழும்புக்கு அனுப்பினன். அதுதான் இது."

"அப்ப... இது என்ரை இல்லையோ?"

செத்தவளுக்காக ஒரு சொல் இல்லை. சிரித்தே விட்டார்!

ஹிதாயா இன்னொரு தட்டை நீட்டினாள். பாய்ந்து பார்த்தார்.

"கொழுப்பு! வெறும் கொழுப்பு! தப்பிட்டன்!"

சிரிப்பு பாதியில் நின்றது...

இரண்டு தட்டிலும் பெயர்ச் சீட்டு இல்லை. கிழிக்கப்பட்டிருந்தது!

"ஹிதாயா... இது என்ரைதானே? மார்க்கட்டிலை வாங்கின ஆட்டுக் கொழுப்பில்லையே? முதல் தட்டு ஆருடையது? சொல்லும்!"

வெட்டிப் பார்க்கக் கட்டியில் மிச்சமில்லை; கொழும்புக்கு எதை எந்தப் பெயரில் அனுப்பினாள் என்பதும் அவளுக்கு மட்டுமே தெரியும். தட்டில் இருந்த சதைக்கோ தன் சொந்தக்காரரைத் தெரியாது.

"சொல்லும் பிள்ளை! காலிலை விழுறன்!"

ஹிதாயா முக்காட்டை இழுத்துவிட்டாள். குடையை எடுத்தாள். படியிறங்கிப் போனாள்.

'சும்மா கொழுப்பு' என்று சிரித்து ஆறுதல் சொல்ல, அந்த டிஸ்பென்சரியில் இன்னொரு டொக்டர் இல்லை!