கதவு எண் எழுத வேண்டாம்

அலறல் குளியலறையிலிருந்து வந்தது.

தையல்காரி ஆணியைச் சுவரில் வைத்து, சுத்தியலை ஓங்கியிருந்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஆளில்லாத வீட்டில் குளியலறை அலறாது. அந்த அளவுக்கு அவளுக்குத் தெரியும்.

கதவு அரையடி திறந்தது. ஐம்பத்தைந்து வயது முகம். தலையில் துண்டு, காதில் சோப்பு நுரை, கையில் மக்.

"யார் நீ?"

"இந்த வீட்டை வாங்கினவ. நீங்க யாரு?"

"இந்த வீட்டை விக்காதவ."



"முதல்ல அந்தச் சுத்தியலைக் கீழ வை."

"நீங்க முதல்ல அந்த மக்கைக் கீழ வைங்க."

வீட்டுக்காரி போன் செய்ததில், இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். வந்ததும் சுத்தியலை வாங்கிக்கொண்டார். மக்கை விட்டுவிட்டார்.

"சொல்லும்மா. பூட்டை உடைச்சியா?"

"சாவி போட்டுத் திறந்தேன் சார். திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தேன்."

"அளவெடுக்க எதுக்குச் சுத்தியல்?"

சொன்னால் சிரிப்பார்களே என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கம்.

"ஒரே ஒரு ஆணி அடிக்கணும்னு ஆசை சார்."

இருபத்திரண்டு வருடம். நான்கு வாடகை வீடு. நான்கு வீட்டுக்காரர்களும் பேசி வைத்தாற்போல் ஒரே நிபந்தனை... சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அவள் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கண்ணாடி நாற்காலியில் சாய்ந்து நிற்கும். அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துத் தைத்து, இடுப்பு ஒடியச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை இந்த வீட்டில்தான் போட்டிருந்தாள்.

"யாருகிட்ட வாங்கினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைக் காட்டினாள். இடது ஓரத்தில் ஒருவன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவர்தான் சார். சுவத்துல இவர் போட்டோவே இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் முழுசா நம்பினேன்."

மக் கீழே விழுந்தது.

"அவன் என் தம்பி," என்றாள் வீட்டுக்காரி. "மூணு மாசம் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். செடிக்குத் தண்ணி ஊத்துடான்னு சாவியைக் குடுத்துட்டுப் போனேன். நேத்து வந்து பார்த்தா, செடி அத்தனையும் காஞ்சு கிடக்கு."

"வேற வேலை இருந்திருக்கும்மா அவருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பியின் போன் அணைந்து கிடந்தது.

*

பத்திர எழுத்தரின் கடை அகலம் எட்டடி. அதில் ஆறடியைக் காகிதம் பிடித்திருந்தது. மிச்சத்தில் மூன்று பேரும் நின்றார்கள்.

தையல்காரி நீட்டிய கிரய ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இந்த ஒப்பந்தம் நான் தட்டினதுதான். என்ன தப்பு இதுல?"

"வீடு தப்பு," என்றாள் வீட்டுக்காரி.

இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஏன் சார், வீடு பேங்க் அடமானத்துல இருக்குன்னு இதுல எழுதியிருக்கே. அப்படிப்பட்ட வீட்டை விக்க முடியுமா?"

"தாராளமா விக்கலாம். வாங்கறவங்க பணத்துலேயே கடனை அடைப்பாங்க. பேங்க் பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கும். அப்புறம் பதிவு. தினம் நடக்கறதுதான்."

"அசல் பத்திரத்தைப் பார்க்காமலா வாங்குவாங்க?"

"அசல் பேங்க் பெட்டகத்துல இல்ல இருக்கும்? நகல்தான் பார்க்க முடியும்."

நகலை எடுத்து மேசையில் வைத்தார். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஜெராக்ஸ் எடுத்த காகிதம். தம்பியின் பெயரும் பேங்க் முத்திரையில் கடன் எண்ணும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. வீட்டு விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் கரி அப்பியிருந்தது.

"இதையா நம்பினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நம்பரை நம்பினேன் சார்," என்றாள் தையல்காரி. "என் கடையில ஒரே பேர்ல நாலு பேர் துணி குடுப்பாங்க. ஒரு தடவை பேரை வெச்சுக் குடுத்து, ஒருத்தர் பேன்ட்டை இன்னொருத்தர் போட்டுக்கிட்டுப் போயிட்டார். அன்னிலேர்ந்து எனக்கு நம்பர்தான். பேங்க் கவுன்ட்டர்ல போய், இந்த நம்பர்ல இந்தப் பேர்ல கடன் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க. அவர் கையில ஒரு காசு குடுக்கலை. நேரா அந்தக் கடன்லதான் கட்டினேன். மிச்சத் தொகை பதிவன்னிக்குன்னு பேச்சு."

"உஷாராத்தான் இருந்திருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அது எந்த வீட்டுக் கடன்?"

வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என் வீட்டு மேல கடனே கிடையாது. அவன் வீட்டு மேலதான் இருந்துச்சு. அடுத்த தெருவுல மாடி வெச்சுக் கட்டிக்கிட்டு, தவணை கட்ட முடியலைன்னு மாசாமாசம் அழுவான். ரெண்டு வாரமா போன்ல அழவே இல்லை. நான்கூட திருந்திட்டான்னு நினைச்சேன்."

தையல்காரிக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது. இல்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

ஆக, ஏமாற்றியவன் வீட்டுக் கடனையே அவள் அடைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருட ஊசி வேலையில்.

"கடன் தீர்ந்தா பத்திரத்தை யாருகிட்ட குடுப்பாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வீட்டுச் சொந்தக்காரர்கிட்டதான். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் குடுக்கணும்னு பேங்க்ல முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும். குடுத்தியாம்மா?"

"அது தெரியலையே சார்..."

"அப்ப அவர் தனியா போய் வாங்கிக்கலாம். வில்லங்கமில்லாத பத்திரம். வேற ஆளுக்கு வித்துட்டு ஊரை விட்டே போயிடலாம்."

"எப்ப குடுப்பாங்க?"

பத்திர எழுத்தர் பேங்க் ரசீதைத் திருப்பிப் பார்த்தார். மூலையில் சின்ன எழுத்து.

"இன்னிக்கு மூணு மணிக்கு."

கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது.

*

மேனேஜர் அறையில் அவன் உட்கார்ந்திருந்தான். படத்தில் இருந்த அதே சிரிப்பு. கறுப்புப் பை மடியில். மேசை மேல் அரக்கு வைத்த உறை, இன்னும் மேனேஜர் பக்கம்தான் இருந்தது.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர். பின்னால் பத்திர எழுத்தர். அவருக்குப் பின்னால் தையல்காரி. கடைசியாக அக்கா.

"வா அக்கா. எப்ப வந்தே?"

"செடி காஞ்சப்புறம் வந்தேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா வீட்டை இவங்களுக்கு வித்தீங்களா?"

"நானா? எந்தக் காகிதத்துல சார் இருக்கு?"

தையல்காரி ஒப்பந்தத்தை மேசையில் வைத்தாள்.

"நீங்கதானே கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க? சமையலறைக் குழாயைக்கூடத் திறந்து காட்டினீங்களே?"

"அக்கா வீடு சார். வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தேன். அது தப்பா?"

"சாவி குடுத்தீங்களே?"

"தையல்காரம்மா ஆச்சே, அக்காவுக்குத் திரை தைக்கட்டும்னு குடுத்தேன்." அவன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "நல்லாப் படிங்க சார். அக்கா வீட்டுக் கதவு எண் ஏழு. இதுல எங்கயாவது ஏழு இருக்கா?"

இன்ஸ்பெக்டர் படித்தார். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். கையெழுத்துப் பக்கம்.

இல்லை.

"நான்தான் கேட்டேன்," என்றார் பத்திர எழுத்தர். "கதவு எண் போடலாமான்னு. நம்பரெல்லாம் மாத்தப் போறாங்க, கதவு எண் எழுத வேண்டாம்னார்."

"ஆமா, வேண்டாம்னேன். ஆக, அக்கா வீட்டை நான் விக்கலை. எழுத்துல இல்லை. கோர்ட்டுக்குப் போனாலும் அதேதான்."

பையைத் திறந்து, உறைக்காகக் கையை நீட்டினான்.

தையல்காரிக்கு அழுகை முட்டியது. அழுதால் எழுத்து தெரியாதே என்று அடக்கிக்கொண்டு ஒப்பந்தத்தை ஒரு தடவை பார்த்தாள். அவள் சொல்லி எழுத வைத்த வரி ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் அவன் சொன்னது. அது மட்டும் அவளுடையது.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"அக்கா வீட்டை விக்கலை. சரி. அப்ப எனக்கு எந்த வீட்டை வித்தார்?"



பத்திர எழுத்தர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

"'மேற்படி எண் கொண்ட கடனுக்கு ஈடாக வங்கியில் உள்ள பத்திரத்தில் கண்ட வீட்டை, கடன் தீர்ந்ததும், இதில் குறித்த விலைக்கு, இவருக்கே கிரயம் செய்து தருவேன்.'"

"நம்பர் எழுதினாத்தான் பணம் கட்டுவேன்னு நான் பிடிவாதம் பிடிச்சேன்," என்றாள் தையல்காரி.

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அரக்கை உடைத்தார். பத்திரத்தைப் பிரித்தார்.

"கதவு எண் பதினேழு. கீழே ரெண்டு அறை, மாடியில ரெண்டு அறை. கார் நிறுத்த இடம்."

சிரிப்பு முதலில் உதட்டிலிருந்து போனது. கண்ணிலிருந்து போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அது... என் வீடு சார்."

"பதினேழும் எழுத்துல இல்லைதான்," என்றார் பத்திர எழுத்தர். "ஆனா கடன் நம்பர் இருக்கு. கையெழுத்து உங்களுது."

"அவங்க வாங்க வந்தது அக்கா வீட்டைத்தான்! அதைத்தானே நான் காட்டி..."

நிறுத்திக்கொண்டான். காலம் கடந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க. அக்கா வீட்டைக் காட்டிப் பணத்தைக் கட்ட வெச்சீங்கன்னா மோசடி. இப்பவே கிளம்பலாம், ஜீப் கீழதான் நிக்குது. உங்க வீட்டைத்தான் வித்தீங்கன்னா, பதிவு அலுவலகம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். எது எழுதட்டும்?"

"விலை... அக்காவோட சின்ன வீட்டுக்கு ஆன விலை சார் அது. மாடி வீட்டுக்கு எப்படி..."

"எழுத்துல இருக்கே," என்றார் பத்திர எழுத்தர். கோர்ட்டுக்குப் போனாலும் அதேதான் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

*

நாலே முக்காலுக்குப் பதிவு முடிந்தது. மிச்சத் தொகையைத் தையல்காரி அங்கேயே கொடுத்தாள். சாட்சிக் கையெழுத்தை அக்கா போட்டாள். கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தது.

"நான் இனி எங்க போறது, அக்கா?" என்றான் தம்பி.

"என் வீட்டுக்கு வராதே. மத்தியானமே பூட்டை மாத்தச் சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் சுத்தியலைத் தையல்காரியிடம் திருப்பிக் கொடுத்தார். தம்பி அதை ஒரு தடவை பார்த்தான். பதினேழாம் எண் வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்தான்.

"அம்மா... இப்பதான் பெயின்ட் அடிச்சேன். தயவுசெஞ்சு சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க."

தையல்காரி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கண்டிப்பா அடிப்பேன். இந்தத் தடவை பாத்ரூமைத் தட்டிப் பார்த்துட்டு அடிப்பேன்."